புகையும் மதுவும்

மது அருந்துவோனை இழித்துரைக்கும் நம் சமூகம், பீடி புகைப்போனை நெடுங்காலம் பொறுத்தே வந்துள்ளது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47-ஆவது விதி மதுவிலக்கை நாடுமாறு அரசைப் பணித்தது. புகையிலையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? குடியின் கேடு அன்றிரவே வீட்டில் வெளிப்படும். புகையின் கேடோ பல்லாண்டுகள் நுரையீரலில் மறைந்திருக்கும். அருகிருப்போரையும் அப்புகை தாக்கும் என்று அறிந்ததும் நம் நோக்கு மாறலாயிற்று. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2003-இல் இயற்றிற்று. 2008 அக்டோபர் 2 முதல் அதன் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகைப்போனிடம் காட்டிய தாராளத்தால் அவனை எச்சரிக்கத் தவறினோம். குடிப்போன்மீது நாம் சுமத்தும் இழிவோ, அவன் மருத்துவரை நாடுவதையே தடுக்கிறது. பழக்கத்தைக் கண்டிப்போம், அதற்கு ஆளானவனைக் கைவிடாதிருப்போம்.