கையால் நூற்ற நூலுக்கு என்ன விலை?

வியாபாரிகளான எங்களுக்கு இரண்டு விலை நன்றாகத் தெரியும். ஒன்று வாங்கிய விலை, மற்றது விற்கும் விலை. மூன்றாவதாகவும் ஒரு விலை உண்டு. அந்தப் பொருளைச் செய்தவர் அதற்குள் எத்தனை மணித்தியாலத்தைப் போட்டார் என்பதே அது. ஆலைச் சாமான்களை விற்பவருக்கு இந்த மூன்றாவது விலை கண்ணில் படுவதில்லை. கைப்பணிப் பொருளில் இறங்கினால் முதலில் எதிரே வந்து நிற்பது அதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் பகுதியில் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்துகிறார்கள். உப்புவெளியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் அவர்களுக்குத் தக்ளியில் கம்பளி நூல் நூற்கப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். கம்பளியை வெளிநாட்டிலிருந்து எடுப்பது, கையால் நூற்பது, உல்லாசப் பயணிகளுக்கு விற்பது, இதற்கு ஒரு கடன் எடுப்பது என்று திட்டம் போட்டுவிட்டார்கள். புடைவைக்கடைக்காரன் என்பதால் என்னிடம் வந்தார்கள்.

“காக்கா, நீங்க நூலை எடுக்கிற எண்டு சொன்னா நாங்க லோனுக்குக் கையெழுத்து வைக்கிறம்” என்றார் அவர்களில் மூத்தவர்.

“தங்கச்சி, ஒரு மாசம் பொறுங்க. நானும் நூற்றுப் பார்த்துட்டு விலை சொல்றன்” என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் கற்றதை வியாபார நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்த வார நோக்கம்.

தக்ளி செய்யும் வேலை

தக்ளியில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு முழத்துக்கும் குறைவான மெல்லிய குச்சி, அதில் மாட்டிய வட்டமான பாரம், குச்சியின் நுனியில் சிறு கொளுக்கி, அவ்வளவுதான். பழைய சீடீ இரண்டைச் சேர்த்துக்கூடச் செய்யலாம். பழகுபவருக்கு 40 முதல் 60 கிராம் வரை பாரம் இருந்தால் போதும். சக்கரம் கொண்ட இராட்டை வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உலகம் முழுக்க இதில்தான் நூல் நூற்றார்கள். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டையடுத்து டாக்டர் ஸாகிர் ஹுசைன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போனதும் பஞ்சு நூற்கும் தக்ளிதான்.

வாரிச் சீராக்கிய கம்பளியை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கையால் தக்ளியைச் சுழற்றித் தொங்கவிட வேண்டும். சுழற்சி முறுக்காக மேலே ஏறும். அது ஏறும் முன்பே விரல்கள் கம்பளியைத் தேவையான அளவுக்கு மெலிதாக இழுத்துக் கொடுக்க வேண்டும். முறுக்குக் குறைந்தால் நூல் அறுந்து தக்ளி தரையில் விழும். கூடினால் நூல் சுருண்டு முடிச்சாகும். ஆரம்பத்தில் சுழற்றியதும் தக்ளியை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வைத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பழகுவார்கள். நானும் அப்படித்தான் பழகினேன்.

ஒற்றை இழை தன்பாட்டில் முறுக்கவிழப் பார்க்கும். ஆகவே இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். துறைமுகத்தில் தோணி கட்டும் கயிற்றைப் பிரித்துப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. அங்கும் புரி ஒரு பக்கம், கயிறு மறுபக்கம் என்றே முறுக்கு இருக்கும்.

மணித்தியாலக் கணக்கு

கை ஓரளவு பழகியபின் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 45 மீற்றர் ஒற்றை இழை வந்தது. நல்ல பழக்கமுள்ளவர்கள் இதைவிட வேகமாக நூற்பார்கள். நடுத்தரப் பருமனான பின்னல் நூல் 100 கிராம் என்பது சுமார் 225 மீற்றர். அது இரட்டை இழை என்பதால் 450 மீற்றர் நூற்க வேண்டும். அதற்கு 10 மணித்தியாலம். இரண்டையும் சேர்த்து முறுக்கி, கழுவி, சுற்றி முடிக்க இன்னும் 3 மணித்தியாலம். ஆக 100 கிராமுக்கு 13 மணித்தியாலம். ஒருவருக்கான கம்பளி மேற்சட்டைக்கு 500 கிராம் தேவை என்றால், நூலுக்கு மட்டும் 65 மணித்தியாலம் போகும். அது 8 மணித்தியால வேலை நாள் எட்டு. பின்னுவது வேறு கணக்கு.

உங்கள் ஊர் நாட்கூலியால் பெருக்கிப் பாருங்கள். 100 கிராம் நூலில் ஒன்றரை நாட்கூலிக்கும் அதிகம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலே ஆலை நூல் உருண்டை அதன் சிறு பங்கு விலையில் கிடக்கிறது.

இது நேற்று வந்த இடைவெளி அல்ல. 18ஆம் நூற்றாண்டில் இந்தியக் கைநூற்பில் 100 இறாத்தல் பஞ்சை நூலாக்க 50,000 மணித்தியாலத்துக்கு மேல் சென்றது என்பது பொருளாதார வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1780 அளவில் இங்கிலாந்தில் குரொம்ப்டனின் இயந்திரம் அதை 2,000 ஆக்கியது. 1825 அளவில் ரொபட்ஸின் தானியங்கி இயந்திரம் 135 ஆக்கியது. 50,000 எங்கே, 135 எங்கே? இந்தப் போட்டியில் நிறைக்கு விற்று எந்தக் கையும் வெல்லாது.

கை வென்ற இடம்

கை தோற்காத இடமும் உண்டு. காஷ்மீர் பஷ்மினாவைப் பாருங்கள். லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகளின் அடிமயிர் அது. ஒரு மயிரின் தடிப்பு 12 முதல் 16 மைக்ரோன்தான். இயந்திர வேகத்தை அது எளிதில் தாங்காது. அதனால் ஆலைகள் நைலோனைக் கலந்து நூற்றுவிட்டு, பிறகு அமிலத்தில் அதைக் கரைத்து நீக்குவதுண்டு. காஷ்மீர்ப் பெண்கள் வீட்டில் இருந்தபடி ‘யெந்தர்’ என்ற இராட்டையில் கலப்பில்லாமல் நூற்றார்கள். 2008இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் சால்வை உயர்ந்த விலைக்குப் போனபோதும், நூற்ற பெண்ணின் கைக்கு வந்தது மிகச் சொற்பம். அதனால் கனபேர் இராட்டையை மூலையில் வைத்துவிட்டார்கள். பொருளுக்கு நல்ல விலை கிடைப்பதும் செய்தவருக்கு நல்ல கூலி கிடைப்பதும் ஒன்றல்ல. இடையில் நிற்பவர்கள் நாங்கள். அந்தப் பங்கைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் நாங்கள்தான்.

எங்கள் கிழக்கிலும் பாடம் இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரனையும் சேலையையும் அறியாதவர் இல்லை. அங்கே நெசவு கையால் நடக்கிறது, நூலோ ஆலையிலிருந்து வருகிறது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி தாராளமாக இறங்கியபோது நாட்டின் கைத்தறித் தொழில் பலத்த அடி வாங்கியது. நின்று பிடித்தவர்கள் நிறைக்கு விற்கவில்லை. நிறத்துக்கும் கரைக்கும் தரத்துக்கும் விற்றார்கள்.

கம்பளி வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் பக்கத்துச் செம்மறிகள் இறைச்சிக்கானவை. நூற்கத்தக்க கம்பளி இறக்குமதியாகத்தான் வர வேண்டும். வெட்டியபடி வரும் கம்பளியில் கொழுப்பும் மண்ணும் வியர்வையும் இருக்கும். மெரினோ வகையிலேயே கழுவியபின் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைந்துவிடலாம். ஆகவே கழுவிய நிறைக்கு விலை பேசுங்கள். கம்பளி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வைத்துக்கொண்டு, தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். கடற்காற்றில் கிடந்த மூட்டையை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுத்தவர் ஆவீர்கள். அந்துப்பூச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன முடிவு சொன்னேன்?

மாத முடிவில் கணக்குக் கொப்பியோடு சங்கத்துக்குப் போனேன். “நூற்கிற வேலைக்குக் கடன் எடுக்க வேண்டாம்” என்றேன். மூத்தவரின் முகம் வாடியது. கொப்பியை அவர் கையிலேயே கொடுத்து, 13 மணித்தியாலம் என்ற வரியைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப எங்கட கைக்கு வேலையே இல்லையா காக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறது. நூலை ஆலையிடம் விட்டுவிட்டு, கையை ஊசியில் வைக்கலாம். பருத்தி நூலில் பின்னிய தொழுகைத் தொப்பிக்கு எங்கள் ஊரிலேயே கேள்வி உண்டு, கடனும் தேவையில்லை. நூலை நான் கொடுப்பது, ஒரு தொப்பிக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர்களே நேரம் பார்த்துச் சொல்வது, அந்த நேரத்தை வைத்துக் கூலியைத் தீர்மானிப்பது, தொப்பி கைக்கு வந்த அன்றே காசைக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். நூற்கப் பழகிய பெண்கள் விரும்பினால் தக்ளியைத் தொடரட்டும். அதை நம்பி வீட்டு அடுப்பை வைக்க வேண்டாம்.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போடும் பெண்ணின் உவமை திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் வருகிறது. கொடுத்த வாக்கை முறிப்பவர்களுக்கு அது சொல்லப்பட்டது. தக்ளியைச் சுழற்றிப் பார்த்தவருக்கு அதன் பாரம் நன்றாகப் புரியும். ஒரு மணித்தியால நூல் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

கைப்பணிப் பொருள் எடுத்து விற்கும் நண்பர்களே, விலை பேசுமுன் அந்த வேலையை ஒரு நாளாவது செய்து பாருங்கள். முடியாவிட்டால் மணிக்கூட்டோடு பக்கத்தில் இருந்து பாருங்கள். பிறகு நீங்கள் சொல்லும் விலையில் இரண்டு பக்கமும் நிலைத்து நிற்கலாம்.