மணமும் மூளையும்

மலர்ந்த மல்லிகையைக் கண்ணாற் காணாமலே அதன் மணத்தை அறிகின்றோம். அடுக்களையில் பால் தீய்வதை அடுத்த அறையிலிருந்தே உணர்கின்றோம். இவ்வறிவுக்கு மூக்கு வாயிலாக அமைகின்றது. மணத்தை இன்னதென்று அறிவது மூளையே.

மணமுள்ள பொருள்களிலிருந்து நுண்ணிய மூலக்கூறுகள் காற்றிற் கலந்து பரவுகின்றன. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது அவை மூக்கின் மேற்பகுதியை அடைந்து, அங்குள்ள ஈரமான சவ்வில் கரைகின்றன. அச்சவ்வில் பல இலட்சம் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் நுனியில் மூலக்கூறுகளைப் பற்றும் புரதங்கள் அமைந்துள்ளன. அவை ஏற்பிகள் எனப்படும். பொதுவாக ஒரு நரம்பணுவில் ஒருவகை ஏற்பியே இருக்கும்.

மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகளே உள்ளன. ஆயினும் ஆயிரக்கணக்கான மணங்களைப் பிரித்தறிகின்றோம். இஃது எங்ஙனம் இயலும்? தமிழில் முதலெழுத்துக்கள் 30; அவற்றைப் பலவாறு சேர்த்து எண்ணற்ற சொற்களை ஆக்குகின்றோம் அன்றோ? அதுபோல, ஒரு மூலக்கூறு பலவகை ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்தெந்த ஏற்பிகள் ஒருங்கே தூண்டப்பெற்றன என்பதைக் கொண்டே மூளை மணத்தை அறிகின்றது. இவ்வேற்பிகளுக்குரிய மரபணுக்களை அமெரிக்க அறிஞர்களாகிய லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்னும் இருவர் கண்டறிந்து 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2004-ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

நரம்பணுக்களின் இழைகள் சல்லடைபோல் துளைகளையுடைய மெல்லிய எலும்பின் வழியே மேலேறி, மூளையின் அடியிலுள்ள மோப்பக் குமிழை அடைகின்றன. ஒரேவகை ஏற்பியுடைய நரம்பணுக்களின் இழைகள் அங்கு ஒன்றுகூடுகின்றன. அங்கிருந்து செய்தி மூளையின் மணமறியும் பகுதிக்கும், அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்குரிய பகுதிக்கும் நேரே செல்கின்றது. நினைவுக்குரிய பகுதியும் அதனை அடுத்தே உள்ளது. ஆதலின், என்றோ நுகர்ந்த மணம் மீண்டும் வரும்போது மறந்த நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது.

மண உணர்வு உயிர் காக்கும் காவலுமாகும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பிலே மணம் இல்லை எனலாம். கசிவை அறியும்பொருட்டு எத்தில் மெர்காப்டன் என்னும் கெடுநாற்றப் பொருளைச் சிறிதளவு அதனுடன் கலக்கின்றனர். ஆனால், ஒரே மணத்தினிடையே நெடுநேரம் இருப்பின் அவ்வுணர்வு மழுங்கிவிடும். எனவே, நாற்றம் குறைந்தது என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. முதலில் உணர்ந்தவுடனே, மின்விசைகளைத் தொடாமலும் தீ மூட்டாமலும், கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுதல் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்றினால் பலர் மண உணர்வை இழந்தனர். சோற்றின் சுவை குன்றியதும், கெட்டுப்போன உணவை அறிய இயலாமற் போனதும் இவ்வுணர்வின் அருமையை அவர்களுக்கு உணர்த்தின.