கிணறு கட்டுப்பாட்டில் இருக்கிறதாம்

கட்டுகஸ்தோட்டையில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குவைத்தில் எண்ணெய்க் கிணற்றுப் பராமரிப்பில் பதினொரு வருடம் வேலை செய்தவர், இப்போது லீவில் வந்து நிற்கிறார். அவருடைய ‘வெல் கொன்ட்ரோல்’, அதாவது கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காமல் போனால் ரிக் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கம்பளையில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்கு ‘லெவல் 4’ எடுத்துத் தருவதாகச் சொல்லி ஏஜென்சிக்காரர் காசு கேட்கிறார், அது டிப்ளோமாவா டிகிரியா? அக்குறணை வாசகர் ஒருவர் குழாய்க் கிணறு தோண்டும் மெஷின் வைத்திருக்கிறார். தனக்கும் இந்தச் சான்றிதழ் கட்டாயமா என்பது அவர் கவலை.

அக்குறணைக்காரர் நிம்மதியாக இருக்கலாம், தண்ணீர்க் கிணற்றுக்கு இது வேண்டியதில்லை. மற்ற இருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. எண்ணெய் எப்படி உண்டாகிறது, ரிக் என்றால் என்ன என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தெருவுக்கு நாலு பேர் கல்ஃபில் இருக்கிற ஊர்களுக்கு அது புதிதல்ல.

சான்றிதழ் தருபவை பிரதானமாக இரண்டு அமைப்புகள். ஒன்று 1992இல் தொடங்கிய ஐடபிள்யூசிஎஃப். மற்றது ஐஏடிசி, அதன் திட்டத்துக்கு வெல்ஷார்ப் என்று பெயர். லெவல் 4 என்பது ஐடபிள்யூசிஎஃப் கணக்கில் மேற்பார்வையாளருக்கு உரிய படி. டிப்ளோமாவும் இல்லை, டிகிரியும் இல்லை. சில நாள் வகுப்பு, முடிவில் பரீட்சை, 70 புள்ளி எடுத்தால் பாஸ், இரண்டு வருடத்துக்குச் செல்லும். மீதி 30 புள்ளி எந்தக் கேள்விகளில் போனது என்று சான்றிதழில் அச்சிடுவதில்லை.

இனி அந்தக் ‘கட்டுப்பாடு’ என்ற சொல். கிணறு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்த நிமிடத்தில் ஒன்றும் வெளியே வரவில்லை என்று மட்டுந்தான் அர்த்தம். ஏன் வரவில்லை என்பது வேறு கேள்வி. மேற்பார்வையாளருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக.

மலையக வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தோட்டத்தில் மேலே இருக்கிற பீலியில் இருந்து குழாய் போட்டு லயத்துக்குத் தண்ணீர் இறக்கியவர்களுக்குத் தெரியும்: குழாயின் பருமன் முக்கியமில்லை, எவ்வளவு உயரத்தில் இருந்து இறங்குகிறது என்பதுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பத்து மீற்றர் தண்ணீர் நின்றால் அடியில் சுமார் ஒரு பார். விக்டோரியா அணை 122 மீற்றர்; உச்சிவரை தண்ணீர் நின்றாலும் அடியில் பன்னிரண்டு பார்தான். எண்ணெய்க் கிணறு 3,000 மீற்றர் இறங்கினால், அதில் நிற்கும் தண்ணீர் அடியில் 294 பார் அளவுக்கு அழுத்தும். கீழே பாறையில் இருக்கிற வாயு, ஒரு பேச்சுக்கு, 340 பாரில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று வைப்போம். தண்ணீர் தோற்றுவிடும். அதையே உப்புக் கரைசலாக்கி 1.2 மடங்கு கனமாக்கினால் 353 பார். இப்போது வாயு அடங்கி இருக்கும். ஒரு கிணற்றைக் ‘கொல்வது’ என்று ரிக்கில் சொல்வது இதைத்தான். 13 பார் வித்தியாசத்தில் செத்த பிணம் அது. உப்புக் கரைசல் கொஞ்சம் பாறைக்குள் கசிந்து மட்டம் இறங்கினால் எழுந்து உட்காரும்.

தோண்டுகிற வேலைக்கும் பராமரிப்பு வேலைக்கும் வித்தியாசம் இங்கேதான். தோண்டும்போது வாயு எந்த ஆழத்தில் வரும் என்ற பயம். பராமரிப்பில் வாயு ஏற்கனவே கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கிணற்றின் சுவரில் துளை போட்டு அதை உள்ளே விட்டவர்களே நாம்தான். உள்ளே இருக்கிற பழுதான குழாயை இழுத்து மாற்ற, மேலே இருக்கிற ‘கிறிஸ்மஸ் ட்ரீ’ என்ற வால்வுக் கூட்டத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய இடத்தில் பிஓபி என்ற பெரிய அடைப்பானை ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் பிஓபியைக் கழற்றி ட்ரீயை மறுபடி ஏற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றதை ஏற்றுகிற அந்த இடைவெளியில் கிணற்றின் வாய் திறந்தே கிடக்கும். மேலே எதுவும் இல்லாத அந்த நேரத்துக்குக் கீழே இரண்டு தடைகள் வேண்டும் என்பது தொழிலின் விதி. ஒன்று கைவிட்டால் மற்றது தாங்கும். இரண்டும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சோதிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க நாம் உள்ளே இருந்து தள்ளுவதில் பயனில்லை, கள்ளன் வெளியே நின்று தள்ள வேண்டும். கிணற்றில் கள்ளன் கீழே இருக்கிறான். ஆகவே அடைப்புக்கு மேலே இருக்கிற கனமான கரைசலை வேண்டுமென்றே குறைத்து, ‘இப்போது வா பார்க்கலாம்’ என்று வாயுவுக்கு வழிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அரை மணி, ஒரு மணி. அழுத்தம் ஏறவில்லை, எதுவும் ஒழுகவில்லை என்றால் அடைப்பு பிடித்திருக்கிறது. இன்ஃப்ளோ டெஸ்ட் என்பார்கள். கடலில் தோண்டுபவர்கள் நெகடிவ் டெஸ்ட் என்பார்கள். அடைப்புக்குச் சிமெந்தை ஊற்றியாயிற்று என்பதற்கும் சிமெந்து பிடித்தது என்பதற்கும் இடையில் இருப்பது இந்தக் காத்திருப்பு மட்டுமே. ரிக்கின் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா நின்று கேஜைப் பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்படிக் காத்திருக்காமல் விட்ட இடம் ஒன்று: அசாமில் தின்சுகியா மாவட்டத்தின் பாக்ஜானில் ஒயில் இந்தியாவின் ஐந்தாம் இலக்கக் கிணறு, 2020 மே 27. நடந்தது தோண்டும் வேலை அல்ல, நம் வாசகர் குவைத்தில் செய்கிற அதே பராமரிப்பு வேலை. பிஓபியைக் கழற்றினார்கள். கிணறு பீறிட்டது. ஜூன் 9இல் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். பக்கத்தில் இருந்த மாகுரி-மோட்டாபுங் ஈரநிலம் எண்ணெய் படிந்து போனது. அழுத்தத்தோடு இருக்கிற கிணற்றுக்குள் குழாயை இறக்குகிற ஸ்னப்பிங் யூனிற்றைக் கனடாவில் இருந்து கொண்டுவந்து கிணற்றைக் கொன்றபோது நவம்பர் 15. இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நியமித்த, நீதிபதி கட்டாகி தலைமையிலான குழு சொன்னதன் சாரம்: இரண்டாவது தடையை உறுதிசெய்து சோதிக்காமல் பிஓபியைக் கழற்றுவது எவ்வளவு பாரதூரமானது என்ற விளக்கமே அங்கே குறைவாக இருந்தது, நிறுவனத்தின் மேற்பார்வையும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையும் போதவில்லை. குழு விரல் நீட்டிய இடம் மேற்பார்வையாளர் நிற்க வேண்டிய இடம்.

அங்கே சோதிக்கவில்லை. சோதித்துவிட்டும் நம்பாமல் விட்ட கதை 2010 ஏப்ரல் 20இல் மெக்சிக்கோ வளைகுடாவில், மக்கொண்டோ கிணற்றில்.

நம்முடைய மேசன் பாஸ் மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்டிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். சரிவான நிலத்தில் வீடு கட்டும் கண்டியில் அதைக் காணாதவர் இருக்க முடியாது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாஸ் தத்துவம் பேசமாட்டார். குழாயைச் சுண்டுவார், உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, அல்லது எங்கேயோ மடிந்திருக்கிறது. மக்கொண்டோவிலும் அப்படி இரண்டு முனை: துளையிடும் குழாய் ஒன்று, ‘கில் லைன்’ மற்றது. கீழே இரண்டும் தொடர்பு. ஒன்றின் கேஜில் 1,400 பிஎஸ்ஐ. மற்றதில் ஒன்றுமில்லை, ஒரு சொட்டும் வரவில்லை. கார் டயரில் 30 பிஎஸ்ஐ இருக்கும் என்பதை வைத்து அந்த 1,400ஐ யோசித்துப் பாருங்கள். குழாயைச் சுண்ட வேண்டிய இடத்தில், ‘பிளாடர் எஃபெக்ட்’ என்று ஒரு விளக்கம் ரிக்கில் உலவியது. நல்ல செய்தி சொன்ன கேஜை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். இரவு எட்டு மணியளவில் சோதனை வெற்றி என்று முடிவாயிற்று. வாயுவை அடக்கி வைத்திருந்த கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை விட்டார்கள். பத்து மணிக்கு முன்னால் வெடித்தது. இறந்தவர்கள் பதினொரு பேர். இந்தச் சோதனையை எப்படிச் செய்வது, முடிவை எப்படி வாசிப்பது என்று அமெரிக்க விதிகளிலோ தொழிலின் நியமங்களிலோ அன்றைக்கு எழுதப்பட்டிருக்கவில்லை என்பதைப் பின்னர் அந்நாட்டு ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழு எடுத்துக்காட்டியது.

இன்றைக்கு ஏஜென்சிக்காரர் விற்கிற ‘லெவல்’ என்ற சொல் அந்த விபத்தின் பிள்ளை. சர்வதேச எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர் சங்கம் 2012இல் வெளியிட்ட பரிந்துரைதான் பயிற்சியை ஐந்து படிகளாகப் பிரித்தது. நல்ல காரியந்தான். ஆனால் பரீட்சைத் தாளில் எண்கள் சுத்தமாக அச்சாகியிருக்கும், சரியான விடை நான்கில் ஒன்றாக நிச்சயம் இருக்கும். ரிக்கில் விடியப்புறம் மூன்று மணிக்கு இரண்டு கேஜ் இரண்டு கதை சொல்லும். தொலைபேசியில் கம்பெனிக்காரர் ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்பார். யாரும் வேலையை நிறுத்தலாம் என்று எல்லா நிறுவனங்களும் அட்டை அடித்து ஆள் ஆளுக்குக் கொடுத்திருக்கின்றன. விசாவும் சம்பளமும் கம்பெனி கையில் இருக்கிற ஒருவர் அந்த அட்டையை எத்தனை தரம் எடுத்து நீட்டுவார் என்று எந்த வகுப்பும் அளப்பதில்லை. சிமெந்தைச் சோதிக்க இன்ஃப்ளோ டெஸ்ட் இருக்கிறது. மேற்பார்வையாளருக்கு அப்படி ஒன்று இல்லை.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

புதுப்பிப்பது என்றால் என்ன? திரும்பப் பரீட்சை எழுதுவது. காசு கட்டி முத்திரை குத்துவதல்ல. ஆகவே திகதி முடிய முன் பரீட்சைக்கு இடம் பிடியுங்கள்.

எந்தப் பரீட்சை? கட்டுகஸ்தோட்டை வாசகர் கவனிக்க: தோண்டுபவர்களுக்கு வேறு, பராமரிப்புக்காரர்களுக்கு வேறு. பராமரிப்பிலும் வயர்லைன், காயில்ட் டியூபிங், ஸ்னப்பிங் என்று பிரிவுகள் உண்டு. கம்பெனி கேட்பது எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்டியிலேயே வகுப்பு நடத்துவதாகச் சொல்கிறார்களே? அங்கீகரித்த நிலையங்களின் பட்டியலை இரண்டு அமைப்புகளும் இணையத்தில் வைத்திருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் அசலா? அதையும் அந்தந்த அமைப்பின் தளத்தில் சரிபார்க்கலாம்.

ரிக்கையே பார்க்காத பையன் லெவல் 4 எடுக்கலாமா? கம்பளைத் தாய்க்கு என் பதில்: வேண்டாம். லெவல் 1 இணையத்தில் இலவசம், அதைப் படிக்கட்டும். மேற்பார்வையாளர் வேலை அனுபவத்துக்குப் பின்னால் வருவது.

ஏஜென்சியை எப்படி நம்புவது? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள்.

இலங்கையிலேயே இந்த வேலை கிடைக்குமா? 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் தோண்டினார்கள். 2011இல் கெய்ன் நிறுவனம் மன்னார்க் கடலில், 1,354 மீற்றர் தண்ணீருக்கு அடியில், டொராடோ கிணற்றில் வாயுவைக் கண்டது; அதே வருடம் பராகுடாவிலும் கண்டது. 2015இல் விலகிப் போனது. இன்றுவரை இந்த நாட்டில் உற்பத்தி தருகிற ஒரு கிணறும் இல்லை.