ஒரு பிழை, கணினியே முடக்கம்: கெர்னல் சோதனைக்கு மெய்நிகர் கணினி ஏன் அவசியம்?

கடந்த 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகளின் கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. இந்தியாவில் பயணிகள் பலருக்குக் கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. இண்டிகோ நிறுவனம் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. பாதிக்கப்பட்ட விண்டோஸ் கணினிகளின் எண்ணிக்கை 85 லட்சம் என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது.

கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறிய கோப்பே இதற்குக் காரணம். அம்மென்பொருள் 20 உள்ளீடுகளை மட்டுமே வைத்திருந்த நிலையில், புதிய கோப்பு 21-ஆவது உள்ளீட்டைக் கோரியது. நினைவகத்தில் இல்லாத அந்த உள்ளீட்டைப் படிக்க முயன்றதும் கணினி நிலைகுலைந்தது.

சாதாரண செயலியில் இத்தகைய பிழை நேர்ந்தால் அச்செயலி மட்டுமே மூடப்படும். ஆனால், இந்த மென்பொருளின் ஒரு பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்குகிறது. நினைவகம், வட்டு, நெட்வொர்க் அனைத்தும் கெர்னலின் கட்டுப்பாட்டில் உள்ளன. அதனுடன் இணையும் டிரைவர், மாட்யூல் போன்ற கூறுகளுக்கும் அதே அதிகாரம் கிடைப்பதால், அவற்றின் தவறு முழு கணினியையும் வீழ்த்துகிறது.

பிழையைத் தேடும் கருவியும் அதே கணினியில் இருந்தால், அதுவும் சேர்ந்தே நின்றுவிடும். இதனால், முன்பு இரு கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆராய்ந்தனர். இப்போது அந்த இரண்டாவது கணினியின் இடத்தை, மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் கணினி நிரப்புகிறது.

லினக்ஸில் இதற்கு க்யூஇஎம்யூ என்ற கட்டற்ற மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. அதனுள் இயங்கும் கெர்னலை, வெளியிலுள்ள ஜிடிபி என்ற வழுநீக்கி 1234 என்ற போர்ட் வழியாகத் தொடர்புகொள்கிறது. விரும்பிய வரியில் கெர்னலை நிறுத்தி, நினைவகத்தின் மதிப்புகளைப் பார்த்து, ஒவ்வொரு படியாக நகர்த்த முடியும்.

மாட்யூல்கள் கெர்னல் இயங்கத் தொடங்கிய பின்னரே நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. எனவே, அவை அமர்ந்த முகவரியை ஜிடிபிக்குத் தெரிவிக்க வேண்டும். லினக்ஸ் மூல நிரலுடன் வரும் துணை நிரல்கள் இப்பணியைச் செய்கின்றன. சோதனைக்கு முந்தைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து வைத்தால், கெர்னல் எத்தனை முறை வீழ்ந்தாலும் பழைய நிலைக்கு விரைவில் திரும்பலாம்.

இம்முறைக்கு வரம்பும் உண்டு. குறிப்பிட்ட வன்பொருளில் மட்டும் தோன்றும் பிழைகள் மெய்நிகர் கணினியில் வெளிப்படாமல் போகலாம். ஆகவே, இறுதிச் சோதனை உண்மையான கணினியில் நடந்தாக வேண்டும்.

இக்கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினியே தொடங்கப் போதுமானது. கேரள அரசின் கைட் அமைப்பு, மாநிலத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை வழங்குகிறது. இதனால் இடுக்கி மாவட்டம் ஏலப்பாறை போன்ற மலைப் பகுதிகளின் மாணவர்களுக்கும் இத்துறையில் நுழைய வாய்ப்புள்ளது.

பிழையான கோப்பை கிரவுட்ஸ்டிரைக் சுமார் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஆனால், அதற்குள் முடங்கிய கணினிகள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சரிசெய்ய வேண்டியிருந்தது. இத்தகைய கோப்புகளை முன்கூட்டியே சோதித்து, படிப்படியாக வெளியிடப்போவதாக அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.