எதிரே நின்றவர் யார்?

1962-இல் டென்னிஸ் வீரர் ராட் லேவர் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். ஆனால் கென் ரோஸ்வால், பாஞ்சோ கொன்சாலஸ் போன்ற வீரர்களுக்கு அந்தப் போட்டிகளில் இடமே இல்லை. பணம் வாங்கி ஆடுகிறவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மறு ஆண்டு லேவரும் அவர்களோடு சேர்ந்தார். தொடக்கத்தில் ரோஸ்வாலிடமும் லூ ஹோடிடமும் செம அடி வாங்கினார். 1968-இல் கதவு எல்லோருக்கும் திறந்தது. 1969-இல் லேவர் மறுபடியும் நான்கையும் வென்றார். இந்த முறை எதிரே எல்லோரும் இருந்தார்கள்; என் கணக்கில் இதுதான் பெரிது.

ஃபெடரரையும் எதிரே நின்றவர்களை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். அவர் 2004 முதல் 2007 வரை 11 பெரிய பட்டங்கள் வென்றதற்கு, எதிரிகள் சோப்ளாங்கிகள் என்று காரணம் சொல்வார்கள். எனக்குக் கோபம்தான் வரும். 2009 விம்பிள்டன் இறுதியைப் பார்த்தவர்கள் அந்த எதிரிகளில் ஒருவரான ஆண்டி ராடிக்கை அப்படிச் சொல்வார்களா? ஐந்தாவது செட் 16-14 வரை போனது. ஃபெடரர் 50 ஏஸ் அடித்தார். அப்படியும் ராடிக்கின் சர்வீஸை அவரால் முறியடிக்க முடிந்தது ஒரே ஒரு முறை, ஆட்டத்தின் கடைசி கேமில். பெரிய பட்டங்களின் இறுதியில் ராடிக் ஃபெடரரிடம் தோற்றது நான்கு முறை. அந்தத் தோல்விகளையே காட்டி அவரைச் சாதாரண வீரர் என்பது அநியாயம்.