ஆடுகளுக்கு வரும் நிமோனியா

அடைமழைக் காலத்தில் ஆடு இருமினால், "நனைந்ததால் வந்த சளி, தானே போய்விடும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டொரு நாளில் ஆடு மேய்ச்சலை விட்டு, தலையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த நிலையில் சிகிச்சை செய்தாலும் பிழைப்பது கடினம். நிமோனியா என்பது நுரையீரல் அழற்சி. இருமல் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணங்கள் பல. காரணத்துக்கு ஏற்ப சிகிச்சையும் மாறும்.

பாக்டீரியா நிமோனியா

பாஸ்சுரெல்லா வகைக் கிருமிகள் நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும்கூட இருக்கும். மழையில் நனைவது, லாரியில் நெடுந்தூரப் பயணம், தீவனக் குறைவு, குடற்புழு இவற்றால் ஆடு தளர்ந்ததும் அவை நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகும். காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் போகும். மூக்கில் கெட்டிச் சளி வடியும். முதல் நாளே ஊசி போட்டால் நல்ல பலன் உண்டு. ஆடு தெளிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருவதற்குப் பென்சிலின் பலிக்காது. ஆகவே மருந்தை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோய்

இது வைரஸ் நோய். இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் கண்டறியப்பட்டது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றோடு நிமோனியாவும் சேர்ந்து வரும். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. குட்டிக்கு 3 மாதம் நிறைந்ததும் போட்டுவிட வேண்டும். ஒரு முறை போட்டால் சுமார் 3 ஆண்டுகள் பாதுகாப்பு கிடைக்கும்.

நுரையீரல் புழு

ஈரமான, குளிர்ந்த மேய்ச்சல் நிலங்களில் இப்புழுவின் குஞ்சுகள் புல்லோடு உள்ளே போகும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. இருமல் நாள்பட நீடிக்கும், ஆடு மெலியும். சாணப் பரிசோதனை செய்து புழு மருந்து கொடுக்க வேண்டும்.

புரையேறுவதால் வருவது

இது நம் கையால் வருவது. தலையை மிக உயர்த்தி, நாக்கை இழுத்துப் பிடித்து மருந்தோ எண்ணெயோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வாய் கண் மட்டத்துக்கு மேல் உயரக் கூடாது. கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிடவும். படுத்துக் கிடக்கும் ஆட்டுக்கு வாய்வழி மருந்து புகட்டக் கூடாது.

தடுக்கும் முறை

குளிருக்குப் பயந்து கொட்டிலை நாற்புறமும் சாக்கினால் அடைப்பது தவறு. சிறுநீரின் நெடி உள்ளேயே தங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, மேலே காற்றுப் போக வழி விடுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும். பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை 3 வாரம் தனியே கட்டி வைத்துப் பிறகு மந்தையில் சேருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சலும் கழிச்சலும் உண்டா, எத்தனை ஆடுகளுக்கு வந்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஆடு இறந்துவிட்டால் அறுத்து விற்காமல், பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எஞ்சிய ஆடுகளைக் காப்பாற்ற அது உதவும்.