எல்லை கடந்த வழக்கறிஞர்

மருத்துவர் எந்நாடு சென்றாலும் காய்ச்சல் காய்ச்சலே. அவர் கற்ற கல்வி அங்கும் பயன்படும். வழக்கறிஞரின் நிலை வேறு. அவர் கற்ற சட்டம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். பிரான்சின் சட்டம் வேறு, ஜெர்மனியின் சட்டம் வேறு. நீதிமன்றத்தில் வழங்கும் மொழியும் வேறு. ஆயினும், ஐரோப்பாவில் ஒருவரே இரண்டு மூன்று நாடுகளில் வழக்கறிஞராகத் தொழில் நடத்துவதை இன்று காண்கிறோம். இஃது எவ்வாறு இயன்றது?

1957ஆம் ஆண்டில் ஆறு நாடுகள் உரோம் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டின் குடிமக்கள் மற்றொரு நாட்டிற் சென்று தொழில் நிறுவலாம் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. எனினும், அவ்வுரிமை நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. அதற்கு உயிரூட்டியவர்களுள் முதன்மையானவர்கள், தமக்காகத் தாமே வழக்குத் தொடுத்த வழக்கறிஞர்கள் ஆவர். அவர்களை மறித்த தடைகள் நான்கு: குடியுரிமை, பட்டம், அலுவலகம், மொழி.

முதலாவது தடையைத் தகர்த்தவர் ரெய்னர்ஸ் என்பார். டச்சுப் பெற்றோருக்குப் பிரசல்ஸ் நகரில் பிறந்த இவர், பெல்ஜியத்திலேயே பயின்று, அந்நாட்டுச் சட்டத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனால், டச்சுக் குடியுரிமையை விட்டாரில்லை. அதனால் பெல்ஜியம் அவரை வழக்கறிஞராக ஏற்க மறுத்தது. வழக்கறிஞர் தொழில் அரசின் அதிகாரத்தைச் சார்ந்தது, ஆதலின் அயலார்க்கு உரியதன்று என்று வாதிடப்பட்டது. லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1974 ஜூன் 21இல் அதனை ஏற்க மறுத்தது. வழக்கறிஞர் ஆலோசனை கூறுகிறார், வாதாடுகிறார். தீர்ப்பளிக்கும் அதிகாரமோ நீதிபதியிடமே உள்ளது என்பது அதன் கருத்து.

பெல்ஜியப் பட்டம் பெற்ற தியெப்ரி என்பார் பாரிசில் தொழில் நடத்த விரும்பினார். அவர் பட்டம் தம் நாட்டுப் பட்டத்திற்கு இணையென ஒரு பிரெஞ்சுப் பல்கலைக்கழகமே ஏற்றிருந்தது. தொழிலுக்குரிய பிரெஞ்சுச் சான்றிதழும் அவரிடம் இருந்தது. அவ்வாறிருக்க, பிரெஞ்சுப் பட்டம் இல்லையென மறுப்பது முறையன்று என்று 1977இல் தீர்ப்பாயிற்று. ஜெர்மானியராகிய கிளாப் என்பாரிடம், டூசல்டார்ப் அலுவலகத்தை வைத்துக்கொண்டே பாரிசிலும் அலுவலகம் நிறுவலாகாது என்றனர். விரைவுப் போக்குவரத்தும் தொலைத்தொடர்பும் பெருகிய காலத்தில் அத்தடை பொருந்தாது என்று 1984இல் தீர்ப்பு வந்தது.

இவற்றின் பயனாக 1998இல் ஒரு பொதுவிதி அமைந்தது. அதன்படி, தாய்நாட்டில் தமக்குரிய தொழிற்பெயருடனேயே ஒருவர் பிற நாட்டில் தொழில் தொடங்கலாம். அந்நாட்டுச் சட்டத்தில் மூன்றாண்டு இடையறாது உழைத்தால், அந்நாட்டு வழக்கறிஞராகவும் ஆகலாம்.

எஞ்சியது மொழி. லக்சம்பர்க்கில் பதிவு செய்ய வந்த ஆங்கில வழக்கறிஞர் ஒருவரின் மொழியறிவை முன்கூட்டிச் சோதிக்க முற்பட்டனர். அச்சோதனை கூடாதென 2006இல் முடிவாயிற்று. ஆனால், தம்மால் இயலாத வழக்கை ஏற்றல் தொழில் ஒழுக்கத்திற்கு மாறாகும் என்பதும் உடன் உணர்த்தப்பட்டது. ஆக, மொழித் தேர்வு ஒழிந்ததேயன்றி, மொழியறிவின் தேவை ஒழிந்திலது. தேர்வாளரின் பொறுப்பு வழக்கறிஞரின் மனச்சான்றுக்கு மாறியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தினின்று விலகியது. அவ்வாண்டின் இறுதியோடு அந்நாட்டு வழக்கறிஞர் தொழிற்பெயருக்கு இவ்விதி தந்த சலுகையும் பொதுவாக முடிவுற்றது. வழக்காடிப் பெற்ற உரிமையாயினும், அதனைத் தாங்கும் உடன்படிக்கை உள்ளவரையே அது நிற்கும்.